படிப்பைச் சம்பளமாக மாற்றுவது எப்படி? சம்பளம் நிர்ணயிக்கும் மேசையிலிருந்து சில யோசனைகள்

ஒரு நிறுவனத்தில் ஆட்களை எடுப்பதும், எடுத்தவர்களுக்கு என்ன சம்பளம் என்று முடிவு செய்வதும்தான் பல வருடங்களாக என் வேலை. ஒரே ஆண்டில், ஒரே பாடத்தில், ஏறக்குறைய ஒரே மதிப்பெண்ணோடு படித்து முடித்த இரண்டு பேர் வருவார்கள். ஐந்து வருடம் கழித்துப் பார்த்தால் ஒருவர் மற்றவரைவிட ஒன்றரை மடங்கு வாங்கிக்கொண்டிருப்பார். இதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் இருவரின் அறிவிலும் அவ்வளவு வித்தியாசம் இருக்காது. படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போதும், படித்துக்கொண்டிருக்கும்போதும், முதல் வேலையில் சேரும்போதும் எடுத்த சில முடிவுகள்தான் வேறாக இருக்கும். இதெல்லாம் தெரிந்த பெரியவர்கள் இருக்கும் வீட்டில் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்து விடுகிறார்கள். முதல் தலைமுறையாகப் படிக்க வருகிறவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

சம்பளம் எப்படி முடிவாகிறது

முதலில் அலுவலகத்துக்குள் நடப்பதைப் பார்த்துவிடுவோம். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் விளங்கும்.

ஓரளவு பெரிய நிறுவனங்களில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கிரேடு, அதாவது சம்பளப் படிநிலை உண்டு. அந்த கிரேடுக்குக் கீழ்வரம்பு, நடுமதிப்பு, மேல்வரம்பு என்று மூன்று எண்கள் இருக்கும். நடுமதிப்பை 100 என்று வைத்துக்கொண்டால், கீழ்வரம்பு 80, மேல்வரம்பு 120 என்பதுபோல அமைப்பது வழக்கம். எந்த கிரேடுக்குள் நீங்கள் நுழையலாம் என்பதை உங்கள் பட்டம் தீர்மானிக்கிறது. உள்ளே போன பிறகு 80-இல் தொடங்குவீர்களா, 95-இல் தொடங்குவீர்களா என்பது வேறு கணக்கு. தேர்வில் என்ன செய்து காட்டினீர்கள், இந்த வேலையை ஏற்கெனவே எந்த அளவுக்குச் செய்து பார்த்திருக்கிறீர்கள், வேறு யாராவது உங்களை அழைத்திருக்கிறார்களா என்பதையெல்லாம் வைத்துத்தான் அந்த எண்ணைப் போடுகிறோம். பெரும்பாலான மாணவர்கள் உழைப்பு முழுவதையும் கிரேடுக்குள் நுழைவதற்கே செலவழித்துவிட்டு, உள்ளே எங்கே நிற்கப் போகிறோம் என்பதைத் தலையெழுத்துக்கு விட்டுவிடுகிறார்கள்.

கூடுதலாகப் படிக்கும் ஒவ்வோர் ஆண்டும் வருமானத்தைச் சராசரியாக 9 சதவீதம் அளவுக்கு உயர்த்துகிறது என்று, 139 நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளியான அறிக்கை சொல்கிறது. படிப்பு பலன் தரும் என்பதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அது சராசரி. சில படிப்புகள் அதைவிடப் பல மடங்கு தரும். சில படிப்புகளில் போட்ட பணமே திரும்பி வராது.

பட்டத்துக்கு ஏன் மதிப்பு என்பதற்கு மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-இல் ஒரு விளக்கம் கொடுத்தார். பின்னாளில், 2001-இல், பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் அவரும் ஒருவர். வேலை கொடுப்பவரால் உங்கள் திறமையை நேரில் பார்க்க முடியாது. அதனால் பட்டத்தை ஓர் அடையாளமாக எடுத்துக்கொள்கிறார் என்பது அவர் வாதம். என் மேசையில் தினமும் நடப்பது அதுதான். புதிதாகப் படித்து முடித்தவரின் விண்ணப்பத்தில் பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லாதபோது பட்டத்தையும் கல்லூரியின் பெயரையும் பார்க்கிறேன். நான்கு வருட அனுபவம் உள்ளவரின் விண்ணப்பத்தில் கண் கடைசியாகப் போகும் இடம் அது. அப்படியானால் நீங்கள் செய்ய வேண்டியது, பட்டத்தைத் தவிர வேறு எதையாவது முதல் நாளிலேயே என் கண்ணில் படும்படி வைப்பது. அதை எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

இங்கேயே இன்னொன்று. எடுத்த படிப்பை முடித்துவிடுங்கள். நான்கில் மூன்று வருடம் முடித்தவருக்கு முக்கால் பங்கு பலன் கிடைப்பதில்லை. விண்ணப்பப் படிவத்தில் 'பட்டம் பெற்றவரா' என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்று இரண்டே கட்டங்கள்தான். முடிக்கும் ஆண்டு, அதற்கு முந்தைய எந்த ஆண்டையும்விடச் சம்பளத்தை அதிகம் உயர்த்துகிறது. குடும்பச் சூழலால் நிறுத்தவேண்டி வந்தால், விடுப்பு எடுத்து மீண்டும் தொடர வழி உண்டா, மீதியைத் தொலைநிலையில் முடிக்கலாமா என்று கல்லூரி அலுவலகத்தில் கேட்காமல் வெளியே வராதீர்கள்.

வேலையிலிருந்து பின்னோக்கி வாருங்கள்

என்ன படிக்கலாம் என்று தொடங்கினால் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். எந்த வேலைக்குப் போக வேண்டும் என்று தொடங்கினால் விடையைத் தேடிப் பிடிக்கலாம்.

ஒரு வேலையின் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். வேலைவாய்ப்புத் தளங்களில் அந்த வேலைக்கு வந்திருக்கும் விளம்பரங்களில் ஒரு முப்பதை எடுத்து, எக்செலில் விளம்பரத்துக்கு ஒரு வரியாகப் பதியுங்கள். கட்டாயத் தகுதி, இருந்தால் நல்லது என்று சொல்லும் தகுதி, கேட்கும் அனுபவம், மென்பொருள், உரிமம், சம்பளம், இத்தனை பத்திகள் போதும். ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடும். உதாரணமாக, கணக்குத் துறைக்குப் போக நினைக்கும் ஒருவர் இளங்கலை முடித்ததும் முதுகலை சேரலாம் என்று இருப்பார். அவர் பதிந்த பட்டியலில் முதுகலை 'கட்டாயம்' என்ற பத்தியில் இரண்டு மூன்று இடங்களில் மட்டும் வந்து, ஒரு குறிப்பிட்ட கணக்கு மென்பொருளும் வரித் தாக்கல் அனுபவமும் பாதிக்கு மேல் வந்தால், அடுத்த இரண்டு வருடத்தை எதற்குக் கொடுக்க வேண்டும் என்பது கண்முன்னே தெரிந்துவிடும். நேர்மாறாகவும் வரலாம். ஆய்வகத்தில் ஆராய்ச்சிப் பணி என்றால் முதுகலைக்குக் கீழே பெரும்பாலும் உள்ளே விட மாட்டார்கள். அப்போது குறுகிய காலச் சான்றிதழ்களை வாங்கிக் குவிப்பது வீண்.

பட்டியலை முடித்ததும், அந்த வேலையில் ஐந்து வருடமாக இருப்பவர்கள், வேலை விவரங்களைப் பதியும் தளமான லிங்க்ட்இன்னில் வைத்திருக்கும் பக்கங்களைப் பாருங்கள். முதல் வேலை எது, எங்கே மாறினார்கள், நடுவில் என்ன படித்தார்கள் என்று கீழிருந்து மேலாகப் படித்தால் ஒரு பாதை தெரியும். கல்லூரிக் கையேடு சொல்லும் பாதையும் இதுவும் பல நேரம் ஒன்றாக இருக்காது.

மருத்துவம், செவிலியர் பணி, சட்டம், தணிக்கை போன்றவற்றில் உரிமம் இல்லாமல் வேலையே செய்ய முடியாது. இவற்றில் பணம் கட்டுவதற்கு முன் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும்: உரிமம் கொடுக்கும் அமைப்பு அந்தக் கல்லூரியின் அந்தப் படிப்பை அங்கீகரித்திருக்கிறதா? கல்லூரி சொல்வதை நம்ப வேண்டாம். உரிமம் கொடுக்கும் அமைப்பின் பட்டியலில் நீங்களே தேடுங்கள். வேறொரு நாட்டில் வேலை செய்யும் எண்ணம் இருந்தால் அந்த நாட்டின் பட்டியலிலும் தேடுங்கள். அங்கீகாரம் இல்லாத படிப்பை முடித்துவிட்டு நல்ல மதிப்பெண்ணோடு எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் 'முடியாது' என்று சொல்வதுதான் இந்த வேலையில் எனக்கு மிகவும் மனவேதனை தரும் விஷயம்.

பெயர்பெற்ற கல்லூரியா, சாதாரணக் கல்லூரியா என்று குழம்புகிறவர்களுக்கு ஒரு தகவல். ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற பொருளியலாளர்கள் இருவரும் அமெரிக்காவில் செய்து 2002-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தரத்துக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்து இடமும் கிடைத்த மாணவர்களை ஒப்பிட்டார்கள். பெயர்பெற்ற இடத்தில் சேர்ந்தவர்களும், வேறு இடத்தில் சேர்ந்தவர்களும் பிற்காலத்தில் ஏறக்குறைய ஒரே அளவுதான் சம்பாதித்தார்கள். வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள் மட்டும் விதிவிலக்கு. அவர்களுக்குப் பெயர்பெற்ற கல்லூரி உண்மையாகவே கூடுதல் பலன் தந்தது. வீட்டில் தொடர்புகள் இல்லாத பிள்ளைக்குக் கல்லூரிதான் தொடர்பு என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். உங்கள் நிலை அதுவானால், உதவித்தொகையோடு நல்ல கல்லூரியில் இடம் கிடைக்கும்போது தயங்காதீர்கள். வசதியான குடும்பம் கடன் வாங்கிப் பெயருக்காகச் சேர்ப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

கட்டணம் மட்டும் செலவு அல்ல

மேற்படிப்புக்குக் கணக்குப் போடும்போது எல்லோரும் கட்டணத்தைப் பார்க்கிறார்கள். பெரிய செலவு வேறு இடத்தில் இருக்கிறது.

இப்போது உங்கள் ஆண்டுச் சம்பளம் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடம் 5 சதவீதம் உயர்கிறது. வேலையை விட்டுவிட்டு இரண்டு வருடம் முழுநேரமாகப் படித்தால், வாங்கியிருக்கக்கூடிய 100-ம் 105-ம் போய்விடும், ஆக 205. கட்டணம், புத்தகம் எல்லாம் சேர்த்து 95 என்று வையுங்கள். மொத்தச் செலவு 300. படிக்காமல் இருந்திருந்தால் மூன்றாம் வருடம் உங்கள் சம்பளம் 110. படித்து முடித்து வெளியே வந்து 130 கிடைக்கிறது என்றால் வருடத்துக்கு 20 தான் லாபம். 300-ஐ 20-ஆல் வகுத்தால் 15 வருடம். கடனுக்கு வட்டி கட்டுகிறவருக்கு இன்னும் தள்ளிப்போகும். அதே படிப்பு 160 வாங்கித் தரும் என்றால் வருட லாபம் 50. ஆறு வருடத்தில் போட்டதை எடுத்துவிடலாம்.

இப்போது அந்த 130 தரும் படிப்பையே வேலையை விடாமல் மாலை வகுப்பில் படிப்பதாக வைத்துப் பாருங்கள். போகும் சம்பளம் எதுவும் இல்லை. செலவு 95 மட்டும். ஐந்து வருடத்துக்குள் திரும்பி வந்துவிடும். படிப்பு அதேதான், பட்டமும் அதேதான். தொழிற்பயிற்சியில் சேர்ந்து சம்பளம் வாங்கிக்கொண்டே வேலை கற்கும் எலக்ட்ரீஷியனும் வெல்டரும் கணக்கில் முந்திக்கொண்டு நிற்பதற்குக் காரணம் இதுதான். அவர்கள் இழக்கும் சம்பளம் மிகக் குறைவு. அந்த வழியைத் தரக்குறைவாகப் பேசுகிறவர்கள் யாரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை.

உங்கள் எண்களை வைத்து இதே கணக்கைப் போடுங்கள். படித்து முடித்தபின் கிடைக்கும் சம்பளத்துக்குக் கல்லூரி விளம்பரத்தில் இருக்கும் 'அதிகபட்சச் சம்பளத்தை' எடுக்காதீர்கள். அது ஒரே ஒரு மாணவர் வாங்கியதாக இருக்கலாம். சராசரியும் வேண்டாம், இரண்டு பேர் மிக அதிகமாக வாங்கினால் அது ஏறிவிடும். மாணவர்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவர் எவ்வளவு வாங்கினார், மொத்தம் எத்தனை பேர் படித்ததில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று கேளுங்கள். இந்த இரண்டு எண்களையும் சொல்லத் தயங்கும் இடத்தில் பணம் கட்டும் முன் இரண்டு முறை யோசியுங்கள்.

பணத்துக்காக மட்டும் யாரும் படிப்பதில்லை, அது எனக்கும் தெரியும். பிடித்த பாடத்தைப் படிப்பதற்காகப் பதினைந்து வருடம் காத்திருக்கலாம் என்று ஒருவர் தெரிந்தே முடிவு செய்தால் அதை நான் மதிக்கிறேன். தெரியாமல் மாட்டிக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான்.

படிக்கும்போதே காட்டுவதற்கு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

முன்பு சொன்ன இடத்துக்கு வந்துவிட்டோம். பட்டத்தைத் தவிர என் கண்ணில் பட வேண்டியது எது?

நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களில் இப்படி எழுதியிருக்கும்: 'எக்செல் தெரியும். குழுவாகப் பணிபுரியும் ஆற்றல் உண்டு. கடின உழைப்பாளி.' இதை வைத்துக்கொண்டு என்னால் எந்த எண்ணும் போட முடியாது. ஒரு பெண்ணின் விண்ணப்பத்தில் இருந்தது இது: 'இரண்டு மாதப் பயிற்சியில் ஒரு கிடங்கின் இருப்புப் பதிவேட்டை எக்செலுக்கு மாற்றினேன். பதிவேட்டுக்கும் நேரில் எண்ணியதற்கும் பொருந்தாத 43 பொருள்களைக் கண்டுபிடித்துக் காரணத்தைக் காட்டினேன்.' நேர்காணலில், காரணத்தை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். எண்ணியதைப் பதிவேட்டு எண்ணால் வகுத்து, வந்த விடையை வரிசைப்படுத்திப் பார்த்தாராம். பல இடங்களில் சரியாகப் பன்னிரண்டு என்று வந்திருக்கிறது. டஜன் கணக்கில் வந்திறங்கிய பொருளை, அலகைக் குறிப்பிடாமல் வெறும் எண்ணாகப் பதிந்திருந்தார்கள். பதிவுப் படிவத்தில் அலகுக்குத் தனிக் கட்டம் ஒன்றைச் சேர்க்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அவர் படித்த கல்லூரியின் பெயரை நான் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. புதிதாகப் படித்து முடித்தவர்களுக்குக் கொடுக்கும் எண்ணைவிட நன்றாகவே தள்ளி அவருக்குப் போட்டேன். மேலிடத்தில் யாரும் கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்வதற்கு அந்தப் பன்னிரண்டு இருந்தது.

இப்படி ஒன்று கிடைக்கப் பெரிய நிறுவனம் தேவையில்லை. தெரிந்தவரின் சிறு தொழில், பள்ளி நூலகம், தொண்டு அமைப்பு எதுவானாலும் சரி. அங்கே உண்மையான ஒரு சிக்கல் இருக்க வேண்டும். நீங்கள் கைவைத்தபின் அது எப்படி மாறியது என்று எண்ணால் சொல்ல முடிய வேண்டும். விண்ணப்பத்தில் ஒவ்வொரு வரியையும் இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள்: என்ன செய்தேன், எதைக் கொண்டு செய்தேன், என்ன மாறியது. மூன்றில் ஒன்றுக்குக்கூட விடை இல்லாத வரியை அடித்துவிடலாம்.

அப்புறம், வாரக் கடைசியில் பத்து நிமிடம் ஒதுக்கி அந்த வாரம் செய்ததை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து 43 என்ற எண் நினைவில் இருக்காது. வேலையில் சேர்ந்த பிறகும் இந்தப் பழக்கத்தை விடாதீர்கள். சம்பள உயர்வுப் பேச்சு வரும்போது கையில் ஆதாரத்தோடு உட்காருபவர் மிகச் சிலர். அவர்கள் கேட்டதை மறுப்பது எங்களுக்குக் கடினம்.

வேலை பற்றிய செய்தி பெரும்பாலும் நெருங்கிய நண்பர்களிடமிருந்து வருவதில்லை. உங்களுக்குத் தெரிந்ததுதான் அவர்களுக்கும் தெரியும். எப்போதாவது பார்க்கும் பழக்கம் உள்ளவர்களிடமிருந்து வருவதே அதிகம் என்று சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் எழுதினார். அதனால் பயிற்சிக்குப் போன இடத்து மேலாளர், மூத்த மாணவர், கருத்தரங்கில் பேசியவர் ஆகியோருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை நாலு வரி எழுதுங்கள். வேலை கேட்க வேண்டாம். என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று சொன்னால் போதும்.

முதல் வேலை, முதல் எண்

ஒருவர் 100-இலும் இன்னொருவர் 110-இலும் தொடங்குகிறார்கள். இருவருக்கும் வருடம் 6 சதவீத உயர்வு. பத்து வருடம் கழித்து ஒருவர் 179, மற்றவர் 197. பத்தாக இருந்த இடைவெளி பதினெட்டாகிவிட்டது. இடையில் சேர்ந்த வித்தியாசத்தைக் கூட்டினால் 130-ஐத் தாண்டுகிறது; முதல் ஆண்டுச் சம்பளத்தைவிட அதிகம். சேரும்போது ஐந்து நிமிடம் பேசுவதற்கு இவ்வளவு மதிப்பு இருக்கிறது.

எப்படிப் பேசுவது? வேலை உறுதி என்று அவர்கள் சொன்ன பிறகு, நீங்கள் கையெழுத்துப் போடும் முன்பு பேசுங்கள். அதற்கு முன்னால் எண்ணைச் சொல்லச் சொல்லி வற்புறுத்தினால், ஒரு வரம்பாகச் சொல்லுங்கள். முப்பது விளம்பரங்களைப் பதிந்தீர்களே, அந்தச் சம்பளப் பத்தி இப்போது கைகொடுக்கும். 'இந்தப் பொறுப்புக்கு 95 முதல் 105 வரை தருகிறார்கள் என்று பார்த்தேன். இந்த வேலையில் பாதியைப் பயிற்சியின்போதே செய்திருக்கிறேன். 100 கொடுக்க முடியுமா?' என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். பதில் வரும் வரை வேறு எதுவும் பேச வேண்டாம். சிறிய தொகையைக் கூட்டுவதற்கு என்னைப் போன்றவர்கள் பெரும்பாலும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. மரியாதையாகக் கேட்டார் என்பதற்காக வேலையைத் திரும்பப் பெற்றதை நான் பார்த்ததில்லை. பழைய சம்பளத்தைக் கூட்டிச் சொல்வது மட்டும் வேண்டாம். சம்பளச் சீட்டைச் சரிபார்ப்போம்.

வேலைகள் குறைந்த மோசமான வருடத்தில் படித்து முடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கனடாவில் பொருளாதாரச் சரிவின்போது பட்டம் பெற்றவர்களைத் தொடர்ந்து கவனித்து 2012-இல் வெளியான ஆய்வின்படி, அவர்களின் தொடக்க வருமானம் சுமார் 9 சதவீதம் குறைவாக இருந்தது. ஐந்து வருடத்தில் அது பாதியாகி, பத்து வருடத்தில் மறைந்தது. மீண்டவர்கள் நல்ல நிறுவனங்களுக்கு மாறியதால்தான் பெரும்பாலும் மீண்டார்கள். ஆகவே கிடைத்த வேலையில் சேர்ந்து கற்றுக்கொள்ளுங்கள். நிலைமை தெளிந்ததும் வெளியே பார்க்கத் தொடங்குங்கள். முதல் இடத்தில் ஒன்றரை, இரண்டு வருடமாவது இருந்து, முழுதாக முடித்த வேலை ஒன்றையாவது காட்ட முடிகிற நிலையில் மாறுவது நல்லது. ஆறு மாதத்துக்கு ஒரு நிறுவனம் என்று தாவியவரை கிரேடின் கீழ்வரம்பில்தான் வைப்போம்.

நியமனக் கடிதம் வந்ததும் மொத்தத் தொகையைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு மூடி வைக்காதீர்கள். மாதம் கைக்கு வரும் நிலையான சம்பளம் எவ்வளவு, இலக்கை எட்டினால் மட்டும் கிடைக்கும் தொகை எவ்வளவு என்று பிரித்து எழுதுங்கள். இலக்குத் தொகை போன ஆண்டு ஊழியர்களுக்கு உண்மையில் எத்தனை சதவீதம் கொடுக்கப்பட்டது என்று கேளுங்கள். இத்தனை வருடம் விலகக் கூடாது, விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள். முதல் சம்பள மறுபரிசீலனை எந்த மாதம் என்பதும் கடிதத்தில் இருக்க வேண்டும். ஏப்ரலில் மறுபரிசீலனை செய்யும் நிறுவனத்தில் அக்டோபருக்குப் பிறகு சேர்ந்தவர்களை அந்த ஆண்டு விட்டுவிடுவது உண்டு. நவம்பரில் சேர்ந்தவருக்குப் பதினேழு மாதம் கழித்துத்தான் உயர்வு வரும். சேரும் தேதியை மாற்ற முடியாவிட்டால், ஆறாம் மாதத்தில் ஒரு மறுபரிசீலனை வேண்டும் என்று கேட்டு, ஒப்புக்கொண்டால் அதை மின்னஞ்சலில் எழுதி வாங்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.